எச்சரிக்கையைத் திரும்பப் பெற 108 நிமிடங்கள்

சமையல் எரிவாயு கசிந்தால் அடுப்படிக்குள் கால் வைக்கும்போதே மூக்கு சொல்லிவிடும். அந்த வாடை எரிவாயுவின் சொந்த வாடை அல்ல. கசிவு தெரியட்டும் என்பதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றமுள்ள பொருளைத் துளியளவு கலந்து சிலிண்டரில் அடைக்கிறார்கள். கதிரியக்கத்தில் அப்படி எதையும் கலக்க முடியாது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, ஓசையில்லை. ஆபத்தான அளவு தலைக்கு மேல் கடந்து போனாலும் தோலில் ஒரு கூச்சம்கூடத் தோன்றாமல் இருக்கலாம்.

அணுமின் நிலையத்துக்கு அருகில் வசிக்கிற எவருக்கும் ஒரு கேள்வி எப்போதாவது எழுந்திருக்கும்: உள்ளே ஏதாவது நடந்தால் நமக்கு எப்படித் தெரியும்? யாராவது சொன்னால்தான் தெரியும் என்பதே நேரான பதில். சைரன், வானொலி, தொலைக்காட்சி, கைபேசி எல்லாம் அதற்காகத்தான். எரிவாயுவில் கலந்த வாடை செய்யும் வேலையை இங்கே ஒரு சங்கிலித்தொடர் செய்கிறது. உலையில் உள்ளவர் கவனிக்க வேண்டும், அரசுக்குச் சொல்ல வேண்டும், அரசு முடிவெடுக்க வேண்டும், செய்தி கிளம்ப வேண்டும், அது காதில் விழ வேண்டும், விழுந்தது புரிய வேண்டும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி எப்படி அறுகிறது என்பதை ஒரு குளிர்காலக் காலைப்பொழுதை வைத்துப் பார்க்கலாம்.

ஞாயிறு காலை 7.23

2020 ஜனவரி 12. கனடாவின் ஒண்டாரியோ மாகாணம். ஞாயிற்றுக்கிழமை, பெரும்பாலோர் போர்வைக்குள் இருந்த நேரம். காலை 7.23க்கு மாகாணம் முழுவதும் கைபேசிகள் அலறின. தொலைக்காட்சியிலும் வானொலியிலும் அதே செய்தி. பிக்கரிங் அணுமின் நிலையத்தில் ஒரு சம்பவம் நடந்ததாகத் தகவல் வந்திருக்கிறது. வழக்கத்துக்கு மாறான அளவில் கதிரியக்கம் எதுவும் வெளியேறவில்லை. அவசரப் பணியாளர்கள் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். அருகில் இருப்பவர்கள் இப்போதைக்கு எந்தப் பாதுகாப்பு நடவடிக்கையும் எடுக்கத் தேவையில்லை. செய்தியின் சாரம் இவ்வளவுதான்.

பிக்கரிங் நிலையம் ஒண்டாரியோ ஏரிக்கரையில், டொராண்டோ நகர மையத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. 1971இல் இயங்கத் தொடங்கிய நிலையம். இவ்வளவு பெரிய மக்கள்தொகைக்கு இவ்வளவு அருகில் இருக்கும் அணுமின் நிலையங்கள் உலகிலேயே குறைவு. பிக்கரிங் நகரின் மேற்கு எல்லையைத் தாண்டினால் ஸ்கார்பரோ, கிழக்கே ஏஜாக்ஸ், வடமேற்கே மார்க்கம். ஈழத்திலிருந்து போரைத் தப்பி வந்த தமிழர்கள் அடர்ந்து வாழும் ஊர்கள் இவை. உலகத்தில் எந்த அணுமின் நிலையத்தின் நிழலில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன என்று கேட்டால் கல்பாக்கம், கூடங்குளத்துக்கு அடுத்தபடி பிக்கரிங்கைத்தான் சொல்ல வேண்டும்.

அன்று நிலையத்தில் எதுவுமே நடக்கவில்லை. உலைகள் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தன. செய்தி தவறாகப் போய்விட்டது என்று நிலையத்தை நடத்தும் ஒண்டாரியோ பவர் ஜெனரேஷன் நிறுவனம் சமூக வலைத்தளத்தில் சொல்வதற்குச் சுமார் 40 நிமிடம் ஆனது. முதல் செய்தி வந்த அதே வழியில், அதே அலறலோடு, "முன்பு வந்தது தவறு" என்ற செய்தி கைபேசிகளுக்கு வந்தபோது மணி 9.11. இடையில் 108 நிமிடங்கள்.

அந்த 108 நிமிடங்களில் ஒரு கோடியே நாற்பது லட்சம் பேருக்கு மேல் வாழும் மாகாணம் என்ன நினைப்பது என்று தெரியாமல் இருந்தது. சிலர் வீட்டைவிட்டுக் கிளம்பத் தயாரானார்கள். பிக்கரிங் மேயர் டேவ் ரயனும் டொராண்டோ மேயர் ஜான் டோரியும் அன்றே முழு விசாரணை கேட்டார்கள்.

கோபுரம் போடும் கூச்சல்

அந்த அலறல் எப்படி அத்தனை கைபேசிகளுக்கும் ஒரே நேரத்தில் போனது? குறுஞ்செய்தியாகப் போகவில்லை. குறுஞ்செய்தி தபால் மாதிரி ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாகப் போவது. பல லட்சம் பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பினால் வலையமைப்பு திணறிவிடும். அவசரச் செய்திக்கு வேறொரு வழி இருக்கிறது. கைபேசிக் கோபுரம் தன் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் ஒரே சமயத்தில், யாருடைய எண்ணையும் கேட்காமல் ஒலிபரப்பும். இதைக் கோபுர ஒலிபரப்பு என்று வைத்துக்கொள்வோம். கனடாவில் 2018 ஏப்ரல் முதல் 'அலர்ட் ரெடி' என்ற அமைப்பு இந்த வழியைப் பயன்படுத்துகிறது. மிக அவசரம் என்று முத்திரை குத்தப்பட்ட செய்திகளைப் பயனர் தடுத்து வைக்க முடியாது. தமிழ்நாட்டிலும் 2023 அக்டோபரில் இதே முறையைச் சோதித்தார்கள். வித்தியாசமான ஒலியோடு கைபேசி அதிர்ந்தது பலருக்கு நினைவிருக்கலாம்.

கோபுர ஒலிபரப்பின் பலம் அதன் வேகம். அதன் பலவீனத்தைப் பலர் கவனிப்பதில்லை: அது ஒருவழிப் பாதை. அனுப்பியவருக்கு எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் புரிந்துகொண்டார்கள் என்று எதுவும் திரும்பி வராது. எந்தக் கோபுரங்கள் ஒலிபரப்ப வேண்டும் என்பதும் அனுப்பும் கணத்தில் தேர்ந்தெடுத்ததுதான். அன்று முழு மாகாணமும் தேர்வாகியிருந்தது. ஆகவே நிலையத்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கெனோரா நகரத்தாரும் பிக்கரிங்குக்காக எழுந்து உட்கார்ந்தார்கள்.

இந்த நுட்பத்தில் ஒரு சின்னப் பிசகு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2018 மே மாதம் நடந்த முதல் சோதனையே சாட்சி. கியூபெக் மாகாணத்தில் கைபேசிகள் ஒலிக்கவே இல்லை. நிரலில் தேவையில்லாத ஓர் இடைவெளி விழுந்திருந்ததுதான் காரணம். ஒரு வெற்றிடத்தால் ஒரு மாகாணத்துக்கே செய்தி போகவில்லை.

ஷிப்ட் மாறும் நேரம்

மாகாண அரசின் அவசரகால மேலாண்மைத் துறை நடத்திய விசாரணையின் அறிக்கை 2020 பிப்ரவரி இறுதியில் வெளிவந்தது. நடந்தது இதுதான். டொராண்டோவில் உள்ள மாகாண அவசர நடவடிக்கை மையத்தில் ஷிப்ட் மாறும்போது எச்சரிக்கை அமைப்பைச் சோதித்துப் பார்ப்பது வழக்கம். அமைப்பு இரண்டு வடிவங்களில் இருந்தது. ஒன்று பயிற்சிக்கு, மற்றொன்று நிஜத்துக்கு. அன்று காலை பணியில் இருந்த அலுவலர் பயிற்சி அமைப்பில் இருப்பதாக நினைத்துக்கொண்டு நிஜ அமைப்பிலிருந்து அனுப்பிவிட்டார். சில நொடிகளில் அவருக்கே தெரிந்துவிட்டது.

அவரைக் குற்றம் சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஏறக்குறைய அதே நாளில், ஹவாய்த் தீவுகளில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2018 ஜனவரி 13 காலை 8.07க்கு ஹவாய் மக்களின் கைபேசிகளில், ஏவுகணை வந்துகொண்டிருக்கிறது, உடனே ஒதுங்கிடம் தேடுங்கள், இது பயிற்சி அல்ல என்ற செய்தி வந்தது. அங்கும் அது ஷிப்ட் மாறும் நேரத்தில் நடந்த பயிற்சி. அங்கும் ஒரே அலுவலர் தனியாக அனுப்ப முடிந்தது. தவறு என்ற செய்தி கைபேசிக்கு வர 38 நிமிடம் ஆனது. காரணம், ரத்துச் செய்தி ஒன்று முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை.

இரு வேறு நாடுகள், இரு வேறு ஆபத்துகள், ஒரே மாதிரித் தவறு. ஷிப்ட் மாறும்போது ஒருவர் களைத்துப் போயிருப்பார், இன்னொருவர் அப்போதுதான் நாற்காலியில் அமர்ந்திருப்பார். பொறுப்பு யார் கையில் என்பது சில நிமிடங்களுக்குத் தெளிவாக இருக்காது. அந்த நேரத்தில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இரண்டு வடிவங்களை அவர்கள் முன் வைத்தால் தவறு நடக்கும். யார் கையால் என்பதுதான் தெரியாது. ஒண்டாரியோக்காரர்கள் ஹவாயின் விசாரணை முடிவுகளை எடுத்துப் படித்து, நம் ஊரில் இப்படி நடக்குமா என்று அப்போதே ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசியிருந்தால் இந்த அத்தியாயத்துக்கு வேலை இருந்திருக்காது.

ஒரு கணக்கு

சோதனையே செய்யாமல் இருந்தால் என்ன என்று தோன்றும். சோதிக்காத சைரன் வேண்டிய நாளில் ஊமையாகிவிடும். ஆகவே சோதித்தே ஆக வேண்டும். ஆனால் சோதனைக்கும் ஒரு விலை இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள ஒரு கணக்குப் போடலாம். இதில் வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

ஒரு மையத்தில் நாளுக்கு இரண்டு முறை சோதனை. ஆண்டுக்கு 730. அலுவலர்கள் மிகக் கவனமானவர்கள். 5,000 சோதனைகளில் ஒரு முறைதான் கை தவறும். நம்மில் யாரும் எந்த வேலையிலும் அவ்வளவு சுத்தமாக இருக்க மாட்டோம். இருந்தும் ஏறக்குறைய ஏழு ஆண்டுக்கு ஒரு முறை பொய்யான அலறல் வெளியே போய்விடும்.

இப்போது உலையின் பக்கம் பார்ப்போம். ஊரை எச்சரிக்க வேண்டிய அளவுக்கான உண்மையான விபத்து அந்த நிலையத்தில் ஆயிரம் ஆண்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் ஆண்டில் சோதனைகள் 7,30,000. அதில் கை தவறியவை 146. உண்மை எச்சரிக்கை 1. அப்படியானால் ஒரு காலையில் கைபேசி அலறும்போது அது உண்மையாக இருக்க வாய்ப்பு 147இல் ஒன்று. அலுவலர் சோம்பேறி என்பதால் அல்ல. நாம் தேடும் விபத்து மிக அரிதானது, சோதனையோ தினமும் நடப்பது என்பதால். அரிதான ஒன்றைத் தேடும் எல்லா அமைப்புகளுக்கும், மருத்துவப் பரிசோதனைகள் உட்பட, இந்த விதி பொருந்தும்.

இரண்டாவது ஆள் ஒருவர் பார்த்து ஒப்புதல் தந்தால்தான் செய்தி போகும் என்று வைப்போம். அவர் நூறு தவறுகளில் தொண்ணூற்றொன்பதைப் பிடித்துவிடுகிறார். 146 என்பது ஒன்றரைக்குக் குறைந்துவிடும். ஒரே ஒரு பூட்டு, நூறு மடங்கு பயன். நடைமுறையில் இவ்வளவு கிடைக்காது. முதல் ஆளை நம்பி இரண்டாவது ஆள் சரி என்று தலையாட்டிவிடுவது அலுவலக வாழ்க்கை தெரிந்தவர்களுக்குப் புதிதல்ல. இருந்தும் விசாரணைக்குப் பிறகு ஒண்டாரியோ இந்த இரண்டாவது பூட்டைத்தான் போட்டது. பயிற்சிக்கும் நிஜத்துக்கும் தனித்தனி லாகின். எச்சரிக்கை அனுப்ப இரண்டு பேர்.

பூட்டுகளை அடுக்கிக்கொண்டே போகவும் முடியாது. அமெரிக்காவில் 1979இன் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்துக்குப் பிறகு வந்த விதிப்படி, நிலையத்தைச் சுற்றி சுமார் 10 மைல், அதாவது 16 கிலோமீட்டர் வட்டத்தில் உள்ளவர்களுக்கு சுமார் 15 நிமிடத்தில் முதல் எச்சரிக்கை சென்றுசேரும் வசதி இருக்க வேண்டும். ஒவ்வொரு பூட்டும் அந்த 15 நிமிடத்திலிருந்து கொஞ்சம் தின்னும். பொய் எச்சரிக்கையைக் குறைக்கப் போனால் ஊமை எச்சரிக்கை, அதாவது வர வேண்டிய நேரத்தில் வராமல் போகும் எச்சரிக்கை, கூடும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வடிவமைப்பவர்கள் காலூன்ற வேண்டும்.

திரும்பப் பெறுவது யார் வேலை

என் பார்வையில் பிக்கரிங்கின் பெரிய தவறு 7.23இல் நடந்தது அல்ல. அதற்குப் பிறகு நடந்தது. தவறு என்று உள்ளே இருந்தவர்களுக்கு உடனே தெரியும். அப்புறமும் 108 நிமிடம் ஏன்?

விசாரணையில் தெரியவந்தது: திரும்பப் பெறுவதற்குத் தெளிவான நடைமுறை இல்லை. யார் அனுமதி தர வேண்டும், எந்த வாசகம், மறுபடியும் அலறலோடு அனுப்புவதா, அமைதியான வழியில் அனுப்புவதா என்பதற்கு எழுதி வைத்த பதில் இல்லை. பயிற்சி போதவில்லை. மேலதிகாரிகளுக்குத் தொலைபேசி போக வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேறு.

எச்சரிக்கை அனுப்பும் வேலையை ஆயிரம் முறை ஒத்திகை பார்த்தவர்கள், அதை வாபஸ் வாங்கும் வேலைக்குப் போதுமான பயிற்சி பெற்றிருக்கவில்லை. எச்சரிக்கை அமைப்பு என்றால் 'ஆபத்து' என்று சொல்லும் கருவி என்று மட்டுமே நினைத்துக் கட்டியதன் விளைவு. 'ஆபத்து இல்லை' என்பதையும் அதே வேகத்தில், அதே வழியில், அதே சத்தத்தில் சொல்லத் தெரியாவிட்டால் அது பாதி அமைப்புதான். கைபேசியில் அலறி வந்த பொய்யைச் சமூக வலைத்தளத்தில் பதிவிட்டுத் திருத்த முடியாது. அலறல் எல்லோருக்கும் போனது. பதிவு, தேடிப் போனவர்களுக்கு மட்டுமே கிடைத்தது.

வராமல் போனவை

பிக்கரிங்கின் பொய் எச்சரிக்கையால் யாரும் சாகவில்லை. ஊமை எச்சரிக்கையின் வரலாறு வேறு மாதிரி.

1986 ஏப்ரல் 26 அதிகாலை 1.23க்கு செர்னோபில் நான்காவது உலை வெடித்தது. மூன்று கிலோமீட்டர் தூரத்தில் இருந்த பிரிப்யாத் நகரில் சுமார் 49,000 பேர். அந்தச் சனிக்கிழமை பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், தெருவில் விளையாடினார்கள். மறுநாள் பிற்பகல்தான் வானொலி அறிவிப்பு வந்தது, இரண்டு மணிக்குப் பேருந்துகள் கிளம்பின. வெடிப்புக்கும் வெளியேற்றத்துக்கும் இடையே 36 மணி நேரம். அங்கே சைரனுக்கு எந்தக் கோளாறும் இல்லை. சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தார்கள். எந்த நுட்பமும் இந்தப் பழுதைச் சரிசெய்யாது.

2011 மார்ச் 11 நிலநடுக்கத்தை அடுத்து ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் நடந்த கதை இன்னும் சிக்கலானது. ஜப்பானியர்கள் எச்சரிக்கைக்கு விரிவாகத் தயாராகியிருந்தார்கள் என்பதால் இன்னும் வேதனையானது. அணு அவசரம் வந்தால் எல்லாத் துறைகளும் கூடி முடிவெடுப்பதற்கென்றே நிலையத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் தூரத்தில், ஓகுமா நகரில் ஒரு மையம் கட்டி வைத்திருந்தார்கள். நிலநடுக்கத்தில் அந்த மையத்துக்கே மின்சாரம் போனது, தொடர்புகள் அறுந்தன. கதிரியக்கத்தை வடிகட்டும் காற்றுச் சாதனம் அங்கே இல்லை. மார்ச் 15ஆம் தேதி அதிகாரிகளே அதை விட்டு ஃபுகுஷிமா நகரத்துக்குப் போய்விட்டார்கள். எச்சரிக்கைச் சங்கிலியின் நடுக்கண்ணியை விபத்து நடக்கும் இடத்திலேயே பொருத்தி வைத்திருந்தது எவ்வளவு பெரிய தவறு!

விபத்து நடந்த மார்ச் 11 இரவு 9.23க்கு மூன்று கிலோமீட்டர் வட்டத்தில் உள்ளவர்கள் வெளியேற வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஜப்பானிய நாடாளுமன்றம் அமைத்த விசாரணைக் குழு பின்னர் மக்களிடம் கேட்டு அறிந்தது: நிலையம் இருக்கும் ஊர்க்காரர்களில் அந்த நேரத்தில் விபத்தை அறிந்திருந்தவர்கள் 20 சதவீதம்தான். பத்து கிலோமீட்டர் வட்டத்தில் பெரும்பாலோருக்கு மறுநாள் காலை 5.44க்கு வெளியேற்ற உத்தரவு வந்தபோதுதான் விபத்தே தெரிந்தது.

நமியே என்ற ஊரின் நிலைமை இதிலும் மோசம். அதன் மேயர் தமோட்சு பாபா தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் செய்தி தெரிந்துகொண்டார். ஊர் மக்களை அழைத்துக்கொண்டு வடமேற்கே மலைப்பகுதியான ட்சுஷிமாவுக்குப் போனார். நிலையத்திலிருந்து தூரம் அதிகம் என்பதால் பத்திரமான இடம் என்று நினைத்தார். கதிரியக்க மேகம் காற்றோடு அந்தத் திசையில்தான் வந்தது. எந்தத் திசையில் போகும் என்று கணிக்க ஜப்பானிடம் 'ஸ்பீடி' என்ற கணினி அமைப்பு இருந்தது. அது கணக்குப் போட்டுக்கொண்டும் இருந்தது. உலையிலிருந்து எவ்வளவு வெளியேறியது என்ற அளவு கிடைக்காததால் கணிப்பை நம்ப முடியாது என்று அதிகாரிகள் ஒதுக்கி வைத்தார்கள். மார்ச் 14ஆம் தேதியே அமெரிக்கப் படைக்கு அந்த வரைபடங்கள் போய்விட்டன. ஜப்பானிய மக்கள் முதலில் பார்த்தது மார்ச் 23இல். எவ்வளவு என்று தெரியாவிட்டாலும் எந்தப் பக்கம் என்று ஓரளவு சொல்லியிருக்க முடியும். ட்சுஷிமாவில் வெளியில் பிள்ளைகளை விளையாட விட்ட பெற்றோருக்கு அந்த ஒரு தகவல் போதுமாயிருந்தது.

சில பழுதுகள் மிக எளிமையானவை. நியூயார்க் நகருக்கு வடக்கே ஹட்சன் ஆற்றங்கரையில் இருந்த இந்தியன் பாயின்ட் நிலையத்தின் பழைய சைரன்களுக்கு மாற்று மின்சாரம் இல்லை. ஊரில் மின்வெட்டு என்றால் சைரனும் வெட்டு. பேட்டரி வசதியோடு புதிய சைரன்கள் வைக்கச் சட்டமே வந்தது. நிலையத்தை நடத்திய எண்டர்ஜி நிறுவனம் 2007இல் கெடுவுக்கு மேல் கெடு தவறவிட்டது. அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம் 1,30,000 டாலர் அபராதம் போட்டது. புதிய சைரன்கள் முறையாகப் பயனுக்கு வந்தது 2008 ஆகஸ்டில்.

இன்னொன்று எண்ணால் வந்த குழப்பம். திரீ மைல் ஐலண்டில் விபத்து நடந்த மூன்றாம் நாள், 1979 மார்ச் 30, நிலையத்தின் புகைபோக்கிக்கு நேர் மேலே பறந்த ஹெலிகாப்டர் மணிக்கு 1,200 மில்லிரெம் என்ற கதிரியக்க அளவைப் பதிந்தது. அணு ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைமையகத்தில் ஒருவர் சற்று முன்புதான் வேறொரு கணக்கில், நிலைய எல்லையில் தரைமட்டத்தில் 1,200 வரலாம் என்று சொல்லியிருந்தார். எண் பொருந்தியது, இடம் பொருந்தவில்லை. தரையில்தான் அந்த அளவு என்று நினைத்துப் பத்து மைல் வரை காலி செய்யப் பரிந்துரை போனது. கடைசியில் ஆளுநர் டிக் தார்ன்பர்க், ஐந்து மைலுக்குள் உள்ள கருவுற்ற பெண்களும் பள்ளி வயதை எட்டாத குழந்தைகளும் போகலாம் என்றார். வெளியேறியவர்களோ லட்சத்துக்கும் மேல். எங்கே அளந்தது என்பது இல்லாமல் எவ்வளவு என்று மட்டும் போகும் தகவல், தகவலே இல்லாததைவிட ஆபத்தானது.

மொழியும் ஒரு கண்ணிதான்

எச்சரிக்கை பற்றி அமெரிக்க சமூகவியலாளர் டென்னிஸ் மிலெட்டி வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார். எச்சரிக்கை கேட்டவுடன் யாரும் ஓடுவதில்லை என்பது அவரும் அவரைப் போன்றோரும் திரும்பத் திரும்பக் கண்டது. முதலில் பக்கத்து வீட்டைப் பார்ப்பார்கள், தம்பிக்குப் போன் போடுவார்கள், டிவி போடுவார்கள். இதை உறுதி தேடல் என்று சொல்லலாம். அது மடமை இல்லை, மனித இயல்பு. நல்ல எச்சரிக்கை அந்த நேரத்தைக் குறைக்கும். அதற்கு ஐந்து விஷயங்கள் அதில் இருக்க வேண்டும் என்றார்கள்: சொல்வது யார், என்ன ஆபத்து, எந்த இடத்தில், எப்போதைக்குள், நீங்கள் செய்ய வேண்டியது என்ன. பிக்கரிங் செய்தியை இந்தத் தராசில் வையுங்கள். 'சம்பவம்' என்ற ஒற்றைச் சொல்லில் ஆபத்து என்ன என்பது மறைந்துவிட்டது. ஒன்றும் செய்யத் தேவையில்லை என்ற செய்தி எதற்காக இத்தனை அலறலோடு வருகிறது என்ற கேள்வி படித்த ஒவ்வொருவருக்கும் எழுந்தது. உறுதி தேடலை இதைவிட நீட்டிக்க முடியாது.

மேலும், செய்தி ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வந்தது. ஸ்கார்பரோவின் ஓர் அடுக்குமாடியில் தனியாக இருக்கும் அம்மம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும் என்றால், அவர் கையில் இருப்பது கத்துகிற கருவி, அவ்வளவுதான். மகளோ பேரனோ போன் எடுக்கும் வரை அவருக்கு அது ஊமை எச்சரிக்கை. போர்க்காலத்தில் விமானச் சத்தத்துக்குப் பதுங்குகுழி தேடிய தலைமுறை அது. அவர்களுக்கு அர்த்தமில்லாத அலறலைக் கொடுப்பது சின்ன விஷயம் அல்ல. ஊரில் அதிகம் பேசப்படும் மொழிகளில் எச்சரிக்கையை முன்கூட்டியே மொழிபெயர்த்து வைத்திருப்பது ஒரு நாள் வேலை.

ஒரு பொய் எச்சரிக்கைக்குப் பிறகு மக்கள் அடுத்ததை நம்ப மாட்டார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். மிலெட்டி அதை அப்படியே ஏற்கவில்லை. ஏன் தவறியது என்று வெளிப்படையாகச் சொன்னால் நம்பிக்கை போவதில்லை; மூடி மறைத்தால்தான் போகிறது என்பது அவர் வாதம். ஒண்டாரியோ அறிக்கையை வெளியிட்டது சரியான செயல்.

அந்த ஞாயிறின் இன்னொரு விளைவு

அன்றும் மறுநாளுமாக 32,000க்கும் மேற்பட்டோர் பொட்டாசியம் அயோடைடு மாத்திரை கேட்டு விண்ணப்பித்தார்கள். அதற்கு முன் மாதத்துக்கு நூறு, இருநூறு பேர் கேட்டாலே அதிகம். உலை விபத்தில் வெளியேறும் பொருள்களில் கதிரியக்க அயோடின் ஒன்று. கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி, நல்ல அயோடின் எது, கதிரியக்க அயோடின் எது என்று பிரித்தறியாமல் இரண்டையும் உறிஞ்சும். மாத்திரை அந்தச் சுரப்பியை நல்ல அயோடினால் முன்கூட்டியே நிரப்பிவிடுகிறது; கெட்டதற்கு இடமிருக்காது. குழந்தைகளுக்குத்தான் இதன் பயன் மிக அதிகம். மற்றக் கதிரியக்கப் பொருள்களுக்கு எதிராக இது எதுவும் செய்யாது. சீக்கிரம் போட்டுவிட்டாலும் பயன் குறையும், தாமதித்தாலும் குறையும். ஆகவே அரசு சொன்ன பிறகே விழுங்க வேண்டும். அதாவது இந்த மாத்திரையும் கடைசியில் எச்சரிக்கை அமைப்பை நம்பித்தான் இருக்கிறது.

பிக்கரிங்கின் 1, 4ஆம் உலைகள் 2024இல் நிறுத்தப்பட்டுவிட்டன. 5 முதல் 8 வரையிலான உலைகள் அதற்குப் பிறகும் ஓடியதால் மாத்திரையின் தேவை நீங்கவில்லை. நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் உள்ள வீடுகளுக்கு 2015இலேயே மாத்திரை கொடுத்தார்கள். 50 கிலோமீட்டர் வட்டத்தில் இருப்பவர்கள் கேட்டால் இலவசமாக அனுப்புகிறார்கள். ஸ்கார்பரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் எல்லாம் அந்த வட்டத்துக்குள்தான். அங்கே உங்களுக்கு உறவுகள் இருந்தால் மாத்திரையைக் கேட்டு வாங்கி வைக்கச் சொல்லுங்கள். எங்கே வைத்திருக்கிறது, யார் சொன்ன பிறகு போட வேண்டும், யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, வீட்டில் உள்ள பெரியவர்களின் கண்ணில் படும்படி ஒட்டி வைக்கச் சொல்லுங்கள்.